1855-இல் சென்னை கண்ட கோள்

வேறு கதிரவன்களைச் சுற்றிவரும் கோள்கள் என்று உறுதி செய்யப்பட்டவற்றின் எண்ணிக்கை 2025 செப்டம்பரில் ஆறாயிரத்தைத் தொட்டுவிட்டது. ஆறாயிரம்! உங்கள் பாட்டிமார் படித்த காலத்தில் இவற்றுள் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. உங்கள் அன்னையர் பள்ளிச் சிறுமியராய் இருந்த நாட்களில்தான் முதற் கோள்கள் மனிதனுக்கு அகப்பட்டன.

இச்செய்தியை எந்த வகுப்பில் சொன்னாலும் உடனே ஒரு கேள்வி எழுகிறது. "முதலில் கண்டுபிடித்தவர் யார் டீச்சர்?" ஒரு மதிப்பெண் வினாவாக வந்துவிடுமோ என்ற கவலைதான் காரணம். 1995-இல் சுவிட்சர்லாந்து நாட்டு மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். 1992-இல் வோல்சானும் ஃபிரெயிலும், இறந்துபோன ஒரு விண்மீனின் எச்சமான பல்சரைச் சுற்றிக் கண்டார்கள் என்று எழுதினாலும் வாதாடி வாங்கிவிடலாம். ஆனால் நான் இங்கே எடுத்துப் பேச விரும்புவது மதிப்பெண் கிடைக்காத ஒரு விடையை. 1855, சென்னை, காப்டன் ஜேக்கப்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் ஒரு வானாராய்ச்சிக் கூடம் கட்டினர். அதன் கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிகளில் பொறித்த எழுத்துகளுடன், அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. சென்னைக்குச் செல்லும் நம்மவர் மெரினாவையும் கடைத்தெருவையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்களே தவிர, அத்தூணைப் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை!

அந்தக் கூடத்தின் தலைவராக இருந்தவர்தான் காப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். அவர் கவனம் செலுத்திய பொருள்களுள் ஒன்று, '70 ஒபியூக்கி' என்னும் இரட்டை விண்மீன். வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளி, தொலைநோக்கியில் இரண்டு. அவை ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 88 ஆண்டுகள் ஆகும். இந்த இரட்டையை வில்லியம் ஹெர்ஷல் கண்டது 1779-இல். ஆகவே ஜேக்கபின் காலத்தில் அவற்றை மனிதன் பார்க்கத் தொடங்கி ஒரு முழுச் சுற்றுகூட முடியவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணக்குப்படி இந்த இரட்டை எந்த ஆண்டில் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ, அளந்து பார்த்தபோது அந்த இடத்தில் நிற்கவில்லை. சிறிது விலகி நின்றது. விலகல் ஓர் ஒழுங்கோடு இருப்பதாகவும் ஜேக்கபுக்குத் தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது பொருள் ஒன்று, கோள் போன்றது, அங்கே இருந்து இழுக்கக்கூடும் என்று 1855-இல் இலண்டன் வானநூல் கழகத்தின் இதழுக்கு எழுதினார். 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று முழங்கவில்லை. மிகவும் சாத்தியம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்.

அந்நாளில் இது வீண் கற்பனையன்று. 1846-இல் நெப்டியூன் அகப்பட்டது இதே வழியில்தான். யுரேனஸ் கணக்குக்கு உட்படாமல் விலகியது. அதை இழுக்கும் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று பிரான்சு நாட்டு லெவெரியே தாளில் கணித்தார். பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்தருகே புதுக் கோள் இருந்தது. அந்த வெற்றியின் சூடு ஆறாத காலத்தில், விலகலைக் கண்ட எவருக்கும் கோள் நினைவு வராமல் இருக்குமா?

இந்த முறையின் உட்பொருளைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் தட்டாமாலை போதும். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியும் முதல் வகுப்புக் குழந்தை ஒன்றும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றட்டும். குழந்தை பெரிய வட்டம் போடும். பெரியவள் நின்ற இடத்திலேயே நிற்பாளா? மாட்டாள். அவளும் ஒரு சிறு வட்டம் போட்டே தீர வேண்டும். இப்போது அந்தி மயங்கிக் குழந்தை கண்ணுக்குத் தெரியவில்லை, பெரியவளின் வெள்ளைத் தாவணி மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாவணி ஆடும் ஆட்டத்தைக் கொண்டே, அவள் கையைப் பற்றி ஒரு குழந்தை சுற்றுகிறது, அது இவ்வளவு கனம், இவ்வளவு நேரத்தில் ஒரு சுற்று என்று சொல்லிவிடலாம் அல்லவா?

பார்க்காததை எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கக்கூடாது. சாத்தனூர்க் கல்மரத்தைப் பாருங்கள். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கும் அந்த அடிமரத்தை 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு உலகுக்கு அறிவித்தார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பக்கத்தில் கடல் இருந்தது என்கிறோமே, அந்தக் கடலை யார் பார்த்தார்கள்? காரைப் பக்கத்து ஓடைகளில் கிடைக்கும் சங்கும் அம்மோனைட்டும் சொல்கின்றன, நாம் நம்புகிறோம். மானாவாரிக் கரிசலில் கடலை நம்புகிற நமக்கு, தள்ளாடும் விண்மீனில் ஒரு கோளை நம்புவது பெரிய காரியமா?

ஆயினும் ஜேக்கபின் கோள் இல்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் டி.ஜே.ஜே. சீ என்பவர் அதே 70 ஒபியூக்கியில் கண்ணுக்குத் தெரியாத துணை இருப்பதாகச் சாதித்தார். 1899-இல் மௌல்டன் என்பார், சீ சொல்லும் இடத்தில் அப்படி ஒரு பொருள் இருந்தால் அந்த மூவர் கூட்டம் நிலைத்து நிற்காது என்று கணக்கிட்டுக் காட்டினார். சீ ஆய்ந்து பதில் கூறுவதற்கு மாறாகச் சினந்து சண்டைக்குப் போனார். பின்னாளில் இன்னும் நுட்பமான கருவிகள் வந்தன. அந்த விண்மீனில் இன்றுவரை எந்தக் கோளும் உறுதியாகவில்லை. ஒரு சுற்று முடியும் முன்பே வரைந்த பாதையும், அந்நாளைய அளவீடுகளில் இருந்த சிறு பிழைகளும் சேர்ந்து காட்டிய மாயம் அது.

அப்படியானால் தோற்றுப்போன ஒருவரை ஏன் நம் ஆண்டு மலரில் தூக்கிவைத்துப் பேச வேண்டும்? ஆசிரியைகள் அறையில் இக்கேள்வியை என்னிடம் கேட்டார்கள். நம் செய்முறை நோட்டுகள்தான் காரணம் என்பேன்.

தனி ஊசல் சோதனையை எல்லாரும் செய்திருப்பீர்கள். புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தில் 980 என்று போட்டிருக்கிறது. எந்தப் பள்ளியின் நோட்டுக் கட்டை எடுத்துப் புரட்டினாலும், அத்தனை மாணவியருக்கும் 978-க்கும் 982-க்கும் இடையிலேயே விடை வந்திருக்கிறது. நூல் நீண்டிருந்தாலும், நிறுத்து கடிகாரம் பழுதாயிருந்தாலும், இருபது அலைவை எண்ணும்போது பேச்சு மும்முரத்தில் பத்தொன்பதாகிவிட்டாலும் விடை மட்டும் பிசகுவதில்லை! விடையை முதலில் எழுதி, அதற்கேற்ற நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டுக் கட்டங்களை நிரப்புகிறோம். 'சரியாக' வராத நோட்டைச் சிவப்பு மையால் அடிக்கிற ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

சென்னைக் கூடத்தில் அளந்தவர்களும் இப்படிச் செய்திருக்கலாம். கணக்கு சொன்ன இடத்தையே அளவீடாக எழுதிவிட்டு உறங்கப் போயிருக்கலாம். உங்களில் ஒரு குறும்புக்காரி எழுந்து, "அப்படி எழுதியிருந்தால் இல்லாத கோளை இருக்கிறது என்று சொல்ல நேர்ந்திருக்காதே!" என்று மடக்கக்கூடும். நல்ல கேள்விதான். ஆனால் விலகலை எழுதாமல் விடுவோர் நிறைந்த உலகில் நெப்டியூனும் அகப்பட்டிராது. 1821-இல் யுரேனசுக்கு அட்டவணை போட்ட பூவார், பழைய அளவீடுகள் தம் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று அவற்றை ஒதுக்கிவைத்தார். ஒதுக்கப்பட்ட அந்த எண்களுக்குள்தான் நெப்டியூன் ஒளிந்துகொண்டிருந்தது! ஜேக்கப் தம் எண்களை மறைக்காமல் அச்சேற்றியதால்தான், மற்றவர்கள் அவற்றைச் சோதித்து, இது கோள் அன்று என்று சொல்ல முடிந்தது. மறைத்த எண்ணைத் திருத்த யாரால் முடியும்?

பிழை ஜேக்கபோடு முடியவில்லை. பீட்டர் வான் டி காம்ப் என்பவர் 'பர்னார்டு விண்மீன்' என்ற அண்டை விண்மீனை 1938 முதல் படமெடுத்து வந்தார். 1963-இல் அது தள்ளாடுகிறது, கோள் உண்டு என்றார். பாடநூல்களிலும் ஏறிவிட்டது. 1973-இல் வேறு தொலைநோக்கி வழியே பார்த்தவர்களுக்குத் தள்ளாட்டம் தென்படவில்லை. அவருடைய கருவியின் வில்லையைக் கழற்றிப் பூட்டிய காலங்களில் விண்மீன் 'துள்ளியது' தெரியவந்தது. வான் டி காம்ப் 1995-இல் இறக்கும்வரை தம் கோள்களைக் கைவிடவில்லை. இதில் ஒரு வேடிக்கை. அதே பர்னார்டு விண்மீனில், அவர் சொன்னவை அல்லாத, புவியைவிடச் சிறிய கோள் ஒன்று 2024-இல் கண்டறியப்பட்டது, 2025-க்குள் நான்காகிவிட்டது. அந்த விண்மீன் வானில் 70 ஒபியூக்கிக்கு மிக அருகில் தோன்றுவது! ஜேக்கப் தேடிய திசையில் கோள் இருந்தது; அவர் பார்த்த விண்மீனில் இல்லை.

இன்னொருவர் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ லைன். 1991-இல் ஒரு பல்சரைச் சுற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வலம்வரும் கோளை அறிவித்தார். ஆறு மாதம் என்றதும் உங்களுக்கே ஐயம் வரவேண்டும். நம் புவியின் ஓட்டத்தில் சரி பாதியல்லவா? ஆம், புவியின் நகர்வைக் கழித்த கணக்கில் பிழை. 1992 சனவரியில் அமெரிக்காவில் வானநூலார் பேரவையின் முன் நின்று, கோள் இல்லை, கணக்குத் தவறு என்று அவரே சொன்னார். அவை எழுந்து நின்று கைதட்டியது. அதே கூட்டத்தில்தான் வோல்சான் தம் உண்மையான பல்சர்க் கோள்களைப் பற்றிப் பேசினார்.

இனி வென்றவர்களுக்கு வருவோம். மேயரும் கெலோவும் விண்மீன் பக்கவாட்டில் தள்ளாடுவதை அளக்கவில்லை. நம்மை நோக்கி வருவதையும் விலகிப்போவதையும் அளந்தார்கள். திருச்சி-சென்னைச் சாலையில் ஆரனை அழுத்திக்கொண்டு வரும் பஸ், நம்மைக் கடந்ததும் ஒலி தணிகிறதே, அதே விதிதான். ஒளியில் அது நிறமாலைக் கோடுகளின் நகர்வாகத் தெரியும். வியாழன் நம் கதிரவனை வினாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. நம் புவி ஆட்டுவது வினாடிக்கு 9 சென்டிமீட்டர்; தவழும் குழந்தைகூட அதைவிட வேகமாகப் போகும். இவ்வளவு சிறிய வேகத்தைப் பல ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து அளக்க முயல்கிறார்கள் என்பதே விந்தை.

அவர்கள் பார்த்த விண்மீன் 51 பெகாசி, 50 ஒளியாண்டுத் தொலைவில். பூரட்டாதி நட்சத்திரத்தின் இரு விண்மீன்களுக்கும் ஏறக்குறைய நடுவே, சற்று வெளியே தள்ளி இருக்கிறது. அது வினாடிக்கு 59 மீட்டர் ஆடியது. நான்கே நாளில் ஒரு சுற்று! வியாழனில் பாதி நிறையுள்ள கோள் விண்மீனை ஒட்டிக்கொண்டு நாலு நாளில் சுற்றுமா? நம் வியாழனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றனவே! மற்றவர்கள் பல ஆண்டுச் சுற்றுகளை எதிர்பார்த்துத் தேடிக்கொண்டிருந்தனர். கெலோ அப்போது ஆராய்ச்சி மாணவர்; கருவி கெட்டுவிட்டதோ என்று அஞ்சினார். கணக்கை மூடிவைத்துவிட்டு, அந்த விண்மீன் மறுபடி இரவு வானில் ஏறும்வரை காத்திருந்து, 1995 சூலையில் மீண்டும் அளந்தார்கள். அதே நாலு நாள். அக்டோபரில் அறிவித்தார்கள். சில நாட்களுக்குள் அமெரிக்காவில் மார்சியும் பட்லரும் தனியே அளந்து, உண்மைதான் என்றார்கள். 2019-இல் நோபல் பரிசு வந்தது. காத்திருந்த அந்த மாதங்களுக்காகவே அப்பரிசைக் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது முறை கோள் தன் கதிரவனைக் கடக்கும்போது ஒளி மங்குவதைப் பார்ப்பது. 1874 டிசம்பரில் வெள்ளி கதிரவனைக் கடந்தபோது, சென்னைக் கூடத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி அந்நிகழ்ச்சியை நம் மக்களுக்கு விளக்க உரையாடல் வடிவில் சிறு நூல் எழுதி, நம் நாட்டு மொழிகளிலும் வெளிவரச் செய்தார். அதே காட்சியைத்தான் 2009-இல் ஏவிய கெப்ளர் விண்கலம் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் விண்மீன்களில் தேடியது. புவியளவுக் கோள் கடந்தால் கதிரவனொத்த விண்மீனின் ஒளி பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் குறையும். 2600-க்கு மேற்பட்ட கோள்கள் அதில் கிடைத்தன. அவற்றைப்போல் கெப்ளர் காட்டிய ஒரு மங்கலை, அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் அபு மலையிலிருந்து தள்ளாட்டம் அளந்து, 27 புவிகளின் நிறையுள்ள கோள் என்று 2018-இல் உறுதி செய்தனர்.

நம் சவ்வாது மலைக் காவலூரையும் சொல்ல வேண்டும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. மறைக்கும் முன்பே ஒளி மங்கியதைப் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பதிவு செய்தனர். புதிய துணைக்கோள் என்று முதலில் எண்ணினர். யுரேனசின் வளையங்கள் என்று பின்பு தெளிந்தது. விளக்கம் மாறியது. பதிவு மாறவில்லை.

இப்போது கே2-18பி என்ற கோளைப் பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். சிம்ம ராசியில் 124 ஒளியாண்டுத் தொலைவு. நம் நாட்டில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றும் நிக்கு மதுசூதன் குழுவினர், புவியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஒரு வாயுவின் அடையாளம் அங்கே தென்படலாம் என்று 2025 ஏப்ரலில் எழுதினர். தற்செயலாக இப்படித் தோன்றியிருக்க ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு உண்டு என்றும், இது போதாது என்றும் அவர்களே எழுதினர். நம் பத்திரிகைகளும் வாட்ஸ்அப் தூதர்களும் ஒரே நாளில் அங்கே உயிர்களைக் குடியேற்றிவிட்டார்கள்! அதே பதிவுகளைப் பார்த்த வேறு குழுவினருக்கு அந்த அடையாளம் தெளிவாகத் தென்படவில்லை. மதுசூதன் இன்னொரு மேயராவாரோ, இன்னொரு ஜேக்கபாவாரோ, தெரியச் சில ஆண்டுகள் ஆகும். இரண்டில் எது ஆனாலும் அவமானம் இல்லை.

பெண்கள் பள்ளி மலராதலால் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே சென்னைக் கூடத்தில் 1873-இல் தந்தைக்கு உதவியாளராகச் சேர்ந்து கால் நூற்றாண்டு உழைத்தவர் ஐசிஸ் போக்சன் அம்மையார். 1886-இல் அவர் பெயர் இலண்டன் வானநூல் கழகத்துக்கு முன்மொழியப்பட்டபோது, விதிகளில் பெண்ணுக்கு இடமில்லை என்று தள்ளினர். அவருக்கு 1920-இல்தான் கதவு திறந்தது. 2019-இல் ஒரு விண்மீனுக்குப் பெயரிடும் உரிமை இந்தியாவுக்குக் கிடைத்தபோது, காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில் உழைத்து, வாழ்நாளில் புகழ் காணாத பிபா சௌதுரியின் பெயரை இட்டார்கள். மகத்துக்குத் தெற்கே 'பிபா' இருக்கிறாள். அவளை இரண்டே நாளில் சுற்றிவரும் கோளின் பெயர் 'சாந்தமசா'.

சூலை, ஆகஸ்டு மாதங்களில் இரவு ஒன்பதரை மணியளவில், ஊர் விளக்குகளைவிட்டு விலகி நின்று, உச்சிக்குச் சற்றுத் தெற்கே பாருங்கள். மங்கலான ஒரு புள்ளியாக 70 ஒபியூக்கி தெரியும். மே மாத முன்னிரவில் தென்வானில் தாழ நிற்கும் ஆல்பா செந்தாரி இன்னும் எளிது. அது இரட்டை என்று 1689-இல் புதுச்சேரியிலிருந்து கண்டவர் இயேசு சபைக் குரு ரிஷோ அடிகளார். அதன் கூட்டாளியான பிராக்சிமாவுக்குக் கோள் உண்டென்று 2016-இல் தெரிந்தது.

நம் அறிவியல் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் ஊசல் சோதனையை, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, விடை சொல்லாமல் ஒருமுறை நடத்திப் பார்ப்போம். 940 வந்தால் 940 என்றே எழுதட்டும். ஏன் வந்தது என்று கீழே இரண்டு வரி எழுதட்டும். அந்த இரண்டு வரிக்கும் மதிப்பெண் போட வேண்டும் என்று மற்ற ஆசிரியைகளிடம் பேசியிருக்கிறேன். இருவர் சம்மதித்துவிட்டார்கள்.